சாந்தகுமாரி தோற்க வேண்டிய தேர்தல்

நாற்காலி போடுகிற ஒருத்தியைத் தலைவர் நாற்காலிக்குப் போட்டியிட வைத்த கதை இது, கண்ணுகளா. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வராவிட்டாலும் குற்றமில்லை.

கரோல் பாக் மெட்ரோவில் இறங்கிச் செருப்புக் கடைகளைத் தாண்டி உள்ளே போனால் யமுனைத் தமிழ்ப் பேரவையின் மூன்று மாடிக் கட்டடம் வரும். அதைப் பெருக்கித் துடைத்து, கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, காபி கலந்து கொடுத்து, கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைக்கிறவள் சாந்தகுமாரி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. டில்லிக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. வீட்டுக்காரன் லட்சுமணன் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஊர் நியாயம் பேசிக்கொண்டிருக்கிறான். அவர்கள் இருந்த ஜுக்கிக் குடிசையைப் போன வருஷம் ஒரு காலையில் புல்டோசர் வந்து தரையோடு தரையாக்கிவிட்டுப் போயிற்று. அன்று முதல், பேரவை மேடைக்குப் பின்னால் பழைய பேனர்களைப் போட்டுவைக்கிற அறையில் இருவரும் குடியிருந்தார்கள்.

குடியிருந்தார்கள் என்று சொன்னால் பேரவைக்குக் கோபம் வரும். ‘மனிதாபிமான அடிப்படையில் தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டிருந்தார்கள்.’ மாதம் தவறாமல் செயற்குழு கூடும். பதினொரு பேரும் கருணை என்றால் என்ன என்று ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசுவார்கள். பேசி முடித்து, இன்னும் ஒரு மாதம் இருக்கட்டும் என்று தீர்மானம் போடுவார்கள். அந்தக் கருணைக்கு நடுவே காபி கொண்டுபோய்க் கொடுப்பவளும் சாந்தகுமாரிதான். பதினான்கு மாதமாக மாதக் கடைசியில் இதே கதைதான். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு காகிதம். இந்த அறையில் நிரந்தரமாக இருக்கலாம் என்று பேரவை முத்திரை குத்திய ஒரு கடிதம். அது கிடைத்தால் ரேஷன் கார்டில் விலாசம் ஏறும், லட்சுமணனை ஒரே இடத்தில் படுக்க வைக்கலாம்.

பேரவையின் தலைவர் பட்டாபி. மத்திய அரசில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருஷமாகத் தலைவர். நடுவில் ஆறு தேர்தல் வந்தது, ஆறிலும் போட்டியில்லை. அதற்குக் காரணம் தன் செல்வாக்கு என்று அவர் நம்பினார். வேட்புமனுப் படிவங்கள் அவர் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

இந்த வருஷம் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினெட்டு வருஷமாக ஒரே பெயர் இருக்கிறதே, உங்கள் சங்கத்தில் தேர்தல் நடப்பதுண்டா என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பட்டாபியும் அவர் மனைவி வத்சலாவும் நியூஜெர்சியில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். ஜனாதிபதித் தேர்தலில் யார் நிற்பது என்று முடிவு செய்யவே அந்த ஊரில் முன்னதாக ஒரு தேர்தல் வைக்கிறார்களாம். அதை டிவியில் பார்த்ததிலிருந்து பட்டாபி வேறு மனிதராகிவிட்டார்.

“தேர்தலுக்கு முன்னாடி ஒரு தேர்தல்! என்ன அழகு பாருங்கோ,” என்றார் செயலாளர் சங்கரநாராயணனிடம். “ஜெயிச்சுடுவானோன்னு பயமா இருக்கறவனை முதல் தேர்தல்லயே கழிச்சு விட்டுடலாம். ஜனங்களும் ஓட்டுப் போட்டோம்னு திருப்தியா ஆத்துக்குப் போவா. ஜனநாயகத்தோட சாரமே அதானே!”

சங்கரநாராயணன் சட்ட இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கமாப் போட்டவர். ஒரே வாரத்தில் விதிகளை எழுதிவிட்டார். முதற்கட்டத் தேர்தலில் உறுப்பினர்கள் எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள். அதில் ஜெயிக்கிறவர் இறுதி வேட்பாளர். இறுதிக்கட்டத்தில் அறங்காவலர்கள் ஐந்து பேர் மட்டும் ஓட்டுப் போட்டுத் தலைவரை முடிவு செய்வார்கள். ஐந்து பேரையும் நியமித்தவர் பட்டாபி.

“எதிர்த்து நிக்க ஒரு ஆள் வேணுமே, சார்.”

“வேணும். ஆனா ஜெயிக்கற வாடையே இருக்கப்படாது.”

உறுப்பினர் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு தேடினார்கள். ஜனக்புரியில் ஒரு ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர் இருந்தார். அவருக்கு நண்பர்கள் இருந்ததால் விலக்கப்பட்டார். சரோஜினி நகர்க்காரர் ஒருவருக்குக் கோவையாகப் பேச வரும் என்று தெரிந்தது. அவரும் போனார். இன்னொருவர் போன வருஷம் கணக்கைக் காட்டச் சொன்னவர், அவர் பெயரை வாய்விட்டே படிக்கவில்லை. அப்போது சாந்தகுமாரி காபியோடு உள்ளே வந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“சாந்தா, நீ தலைவர் பதவிக்கு நிக்கற,” என்றார் பட்டாபி.

“எந்த ஹால்ல சார்? நாற்காலி எத்தினி போடணும்?”

அவளுக்குப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் டிரேயை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“பயப்படாதே. நீ நின்னு தோத்தாப் போறும். தோத்த மறுநாள் உன் கையில கடுதாசி. அந்த ரூம் நிரந்தரமா உனக்கு. அச்சா?”

“மெய்யாலுமா சார்?”

“பட்டாபி வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்.”

“தோக்குறது கஷ்டமா சார்?”

“உனக்கா?” பட்டாபி காபியை ஆற்றிக்கொண்டே பிரியமாகச் சிரித்தார். “நீ பொறந்ததுலேர்ந்து அதானேம்மா பண்ணிண்டிருக்க!”

அவள் பின்னால் போய் லட்சுமணனிடம் சொன்னாள். அவன் இடுப்புக்குத் தலையணையைச் சரி செய்துகொண்டு கேட்டான்.

“ஜெயிச்சிட்டீன்னா?”

“பைத்தியமா உனக்கு? எம் மூஞ்சிக்கு எவ போடுவா?”

“சொல்ல முடியாதுடி. படிச்ச ஜனங்க சமயத்துல நல்லது செஞ்சித் தொலைப்பாங்க.”

“உன் வாயில வசம்பு வெச்சித் தேய்க்க!” என்று வைதுவிட்டு, அவள் வேட்பாளராகப் புறப்பட்டாள்.

முதலில் அவள் உறுப்பினராக வேண்டும். பேரவையில் புரவலர், ஆயுள் உறுப்பினர், சாதாரண உறுப்பினர் என்று வரிசை உண்டு. இவளுக்காக ‘அவசர உறுப்பினர்’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். வேட்புமனு பதினான்கு பக்கம். ‘தமிழுக்கு ஆற்றிய தொண்டு’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று சங்கரநாராயணன் யோசித்து, ‘காபி’ என்று எழுதினார். ‘வெளிநாட்டுப் பயணங்கள்’ என்ற கட்டத்தில் கள்ளக்குறிச்சி என்று போட்டார்.

பட்டாபியின் மகள் ஸ்ம்ருதி, குருகிராமில் கருத்துக் கணிப்புக் கம்பெனி ஒன்றில் இருந்தாள். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வந்தால் உடையும். லேப்டாப்பைத் திறந்து வேட்பாளரின் வாய்ப்பைக் கணக்குப் போட்டாள்.

“ஆன்ட்டி, உங்க சான்ஸ் ஸீரோ பாயின்ட் நாலு பர்சென்ட்.”

“அப்டின்னா?”

“ஆயிரம் வாட்டி எலெக்‌ஷன் வெச்சா நாலு வாட்டி நீங்க ஜெயிப்பீங்க.”

சாந்தகுமாரி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நாலையும் எடுத்துடேன் பாப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“எடுக்க முடியாது, ஆன்ட்டி. ஹோப்னு ஒண்ணு வெக்கணும் நா?” என்று ஹிந்தி கலந்து இழுத்தாள்.

நம்பிக்கை என்ற அந்த நாலுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. எதிரே நிற்பவரின் கொடியை அவளே கட்டினாள். எதிரே நிற்பவரின் சுவரொட்டியை அவளே ஒட்டினாள். கூட்டத்துக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, “சாருக்கே போட்டுடுங்கம்மா, எனக்கு ஒரு எழவும் தெரியாது,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இப்படி ஒரு அடக்கத்தை இந்தக் காலத்தில் யாரிடம் பார்க்க முடியும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் உண்டு என்பதால் விவாதமும் வைத்தார்கள். தலைப்பு, ‘தலைநகரில் தமிழின் எதிர்காலம்’. தலைவருக்கு நாற்பது நிமிஷம், சவால் விடுபவருக்கு இரண்டு நிமிஷம்.

பட்டாபி எழுந்து மைக்கைத் தட்டினார். “இந்தப் பதினெட்டு வருஷத்துல நான் எனக்குன்னு ஏதாவது கேட்டிருப்பேனா? பேரவை கார் ஒண்ணு. அதுகூட எனக்கில்லை, வத்சலா கோவிலுக்குப் போக. கெஸ்ட் ரூம்ல சம்பந்தி ஒரு வருஷம் இருந்தார், ஒரு வருஷம்தான். தமிழ் நூலகம் எங்கேன்னு சில பேர் கேக்கறா. அந்த ஹாலை ஒரு புடவை வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். ஏன்? புஸ்தகத்தைத் தேடி மாசம் நாலு பேர் வந்தா, புடவையைத் தேடி நானூறு பேர் வரா! அந்த நானூறு பேரும் தமிழா தமிழான்னு பேசிண்டுதானே புடவையைப் புரட்டறா? தமிழ் வளராம வேற என்ன பண்றது அங்கே? எங்காத்துக் குழந்தைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாதுதான். ஆனா தெரியலையேங்கற வருத்தத்தை அவா மனசுல ஆழமா விதைச்சிருக்கேன்!”

கைதட்டல் ஓய்ந்தபிறகு சாந்தகுமாரியை மேடையில் ஏற்றினார்கள். அந்த மேடையை அவள் ஆயிரம் தடவை துடைத்திருப்பாள், நிமிர்ந்து நின்றதில்லை.

“எனக்குப் பேச வராதுங்க. சாரு நல்லவரு. அவருக்கே போடுங்க. நான் கெலிச்சா எல்லாருக்கும் கஷ்டம்.” மணி அடிக்கும் முன்னாலேயே இறங்கிப் போய்க் காபி கலக்க ஆரம்பித்தாள்.

பேரவையின் சரோஜினி நகர்க் கிளையைச் சேர்ந்த சியாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கிளைக்காரர்களுக்கும் இடிபடுவதைப் பற்றித் தெரியும். அவர்களுடைய பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்தபோது, இருந்தவர்களுக்கு வேறு இடத்தில் வீடு கொடுத்துவிட்டுத்தான் இடித்தார்கள். ஆகையால் ஜுக்கி என்றதும் அவர்களுக்கு மனசு இளகும்.

இங்கே பேரவையின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கண்ணுகளா. அங்கே கோலப் போட்டி நடக்கும், பாட்டுப் போட்டி நடக்கும், பாயசப் போட்டிகூட நடக்கும். எது நடந்தாலும் ஒருவரும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது. கடைசியில் வந்தவருக்கு ஆறுதல் பரிசு என்று ஒரு எவர்சில்வர் கிண்ணமாவது கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது முதல் பரிசுக்குத் தட்டுவதைவிடப் பலமாகக் கைதட்டுவார்கள். எழுபத்திரண்டு வருஷமாக அப்படித் தட்டித் தட்டி, ஆறுதல் கொடுக்கிற சுகம் எல்லாருடைய ரத்தத்திலும் ஊறிவிட்டது.

சரோஜினி நகர், ஜனக்புரி, கரோல் பாக் மூன்று கிளையிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. மொத்தம் நூற்று முப்பத்தேழு ஓட்டு விழுந்தது. ஸ்ம்ருதி ஆள் வைத்து, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டாள். எல்லாரும் “பட்டாபி சாருக்குத்தான், அதிலென்ன சந்தேகம்,” என்றார்கள். சாயங்காலம் அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.

“கங்கிராட்ஸ், ஆன்ட்டி. பியூர் ஸீரோ.”

சாந்தகுமாரி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். உள்ளே ஓடி, “நாலும் போயிட்டுதுய்யா!” என்றாள். லட்சுமணனும் அன்றைக்கு ஒன்றும் குதர்க்கமாகப் பேசவில்லை.

மறுநாள் காலையில் எண்ணினார்கள். சங்கரநாராயணன் ஒரு தடவை எண்ணி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். பிறகு தீர்ப்புப் படிக்கிற குரலில் படித்தார்.

“திருமதி சாந்தகுமாரி, நூற்று முப்பத்தாறு. திரு. பட்டாபிராமன், ஒன்று.”

நடந்தது இவ்வளவுதான். சியாமளா ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கியதும், பாவம், இவளுக்கு ஒரு ஓட்டுக்கூட விழாதே, பட்டாபி சார்தான் எப்படியும் ஜெயிக்கப் போகிறாரே, நம்முடைய ஒரு ஓட்டு ஆறுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து இவளுக்குக் குத்தினாள். குத்தியதும் உடம்பெல்லாம் ஒரு பெருமை பரவிற்று. அவளுக்குப் பின்னால் நின்றவரும் அப்படியே நினைத்தார். ஜனக்புரியிலும் அப்படியே. நூற்று முப்பத்தாறு பேரும் தனித்தனி மறைப்புக்குள் நின்று, உலகத்திலேயே தான் ஒருவர்தான் நல்லவர் என்று நினைத்துக்கொண்டு ஒரே காரியத்தைச் செய்திருந்தார்கள்.

வத்சலா புருஷனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். “நான் ஒருத்திதான் அவளுக்குப் போட்டேன்னு நினைச்சேன். நீங்க யாருக்குப் போட்டேள்?”

பட்டாபி கூரையைப் பார்த்தார். “பெருந்தன்மைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ!”

அந்த ஒரு ஓட்டைப் போட்டது நான்தான் என்று அன்று மாலைக்குள் நூற்று முப்பத்து நாலு பேர் பட்டாபிக்குப் போன் செய்தார்கள். வத்சலாவும் சமையலறையிலிருந்து மாற்றிச் சொல்லிப் பார்த்தாள்.

உண்மையில் அதைப் போட்டவள் சாந்தகுமாரி. முடிவைப் படித்த கையோடு அவள் மேடை ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். ஹாலைத் துடைத்ததில், வேலைக்குக் கட்டிய புடவை நனைந்து கிடந்தது.

“சார், நான் விலகிக்கிறேன் சார். எனக்கு வேணாம் சார்.”

சங்கரநாராயணன் விதிகளைப் புரட்டினார். “விலகறதுன்னா எண்ணறதுக்கு முன்னாடி எழுதிக் குடுத்திருக்கணும்.”

“எண்ணறதுக்கு மின்ன நான் கெலிச்சது எனக்கெப்படி சார் தெரியும்?”

“அதை விதி கேக்கலை.”

சியாமளாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “என்ன சாந்தா இது? நாங்க எவ்வளவு பெரிய மனசு பண்ணிப் போட்டிருக்கோம்! அதைத் தூக்கி எறியறயே. இதுக்குத்தான் உங்களுக்கெல்லாம் நல்லது பண்ணப்படாதுங்கறது.”

சங்கரநாராயணன் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். அங்கேதான் கத்தி இருந்தது. தலைவர் பதவிக்கு இறுதி வேட்பாளராக இருப்பவர் பேரவைக் கட்டடத்தில் குடியிருக்கக் கூடாது. பேரவையில் கூலி வேலையும் பார்க்கக் கூடாது. அந்தப் பதவியின் தூய்மையைக் காப்பதற்காக அறுபது வருஷத்துக்கு முன்னால் எழுதியதாம். இத்தனை வருஷத்தில் யாருக்கும் அது பொருந்தியதில்லை.

“மூணு நாள்ல ரூமைக் காலி பண்ணித் தரணும், தலைவர் வேட்பாளர் அவர்களே,” என்றார். அவளை அவர் மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மூன்றாம் நாள் ஒரு டெம்போவில் இரண்டு டிரங்குப் பெட்டி, ஸ்டவ், கட்டில், லட்சுமணன் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். டில்லி எல்லையில், நரேலாவில் நாத்தனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போட இடம் இருந்தது. பதவிக்காக வீட்டையே துறந்த வேட்பாளர் என்று செயற்குழு ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டது. வாசலில் நின்று எல்லாரும் கைதட்டினார்கள். டெம்போ திரும்பும்போது, கட்டிலில் படுத்தபடி லட்சுமணன் கையைத் தூக்கிக் காட்டினான்.

“கெலிச்ச கட்சி ஊர்வலம் போவுதுடி! கும்பிடு போடு!”

“சும்மா கெட,” என்றாள். ஆனாலும் பழக்கத்தில் கும்பிட்டாள்.

பத்து நாள் கழித்து இறுதிக்கட்டம். அறங்காவலர் ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதற்கட்டத்தில் தோற்றவர் எப்படி இதில் நிற்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அனுபவத்தை மதிக்கும் பொருட்டு, பதவியில் இருக்கும் தலைவரின் பெயர் தானாகவே சேர்ந்துகொள்ளும் என்று சங்கரநாராயணன் முதலிலேயே எழுதி வைத்திருந்தார். முடிவு ஐந்துக்குப் பூஜ்யம். மக்களின் குரலை ஆழ்ந்த கவனத்தோடு செவிமடுத்தோம், அதன்பிறகு முடிவெடுத்தோம் என்று அறிக்கை வந்தது. காலியான அறையில் ஓட்டுப் பெட்டிகளையும் சீட்டுகளையும் வைத்துப் பூட்டி, ‘மக்களாட்சி ஆவணக் காப்பகம்’ என்று பலகை மாட்டினார்கள். வேட்பாளர் என்கிற தகுதி தீர்ந்துவிட்டதால் துடைப்பம் பிடிக்கிற தகுதி சாந்தகுமாரிக்குத் திரும்ப வந்தது.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்தாள். ஹாலைப் பெருக்கினாள், காபி கலந்தாள். டிரேயை மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

“என்னம்மா?” என்றார் பட்டாபி.

“தோத்துட்டேன் சார்.”

“பாத்தேனே. அஞ்சுக்கு சைபர். நன்னாத் தோத்த.”

“அந்தக் கடுதாசி சார்...”

பட்டாபி சங்கரநாராயணனைப் பார்த்தார். சங்கரநாராயணன் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

“பேச்சு என்ன? முதற்கட்டத்துல தோக்கணும். நீ முதற்கட்டத்துல ஜெயிச்சுட்ட. இறுதிக்கட்டத்துல யார் வேணா தோக்கலாம். அதுக்கெல்லாம் ரூம் குடுத்தா பேரவை தாங்குமா?”

“நான் சாருக்குத்தான் போட்டேன் சார். அந்த ஒத்த ஓட்டு என்னுது சார். எங்க மாரியாத்தா மேல ஆணையா.”

பட்டாபி கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பாவம், அலுத்துப் போயிருந்தார். “இதைச் சொல்ற நூத்தி முப்பத்தாறாவது ஆள் நீ.”

அவள் அழவில்லை. மூன்று பஸ் மாறிப் போகிற வரைக்கும் அழக் கூடாது என்று வைத்திருந்தாள் போல. முந்தானையால் மேஜையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்தாள். பட்டாபிக்கே மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“மனசை விட்டுடாதே, சாந்தா. மூணு வருஷம் போனா மறுபடியும் தேர்தல் வரும். அப்பவாவது ஒழுங்காத் தோத்துக் காட்டு.”

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

“அப்ப எம் பேர இன்னிக்கே எழுதிக்குங்க சார். வேற எவளாச்சும் முந்திக்கப் போறா.”